குட்டியைக் கொன்றது விஷமா, மலைப்பாம்பின் பிடியா?

கேள்வி: கொட்டகையில் கட்டியிருந்த இரண்டு மாத ஆட்டுக்குட்டி விடியற்காலையில் செத்துக் கிடந்தது. தலையிலிருந்து தோள் வரை ரோமம் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிகள். வேறு காயமோ வீக்கமோ இல்லை. அடுத்த அறையில் படுத்திருந்த எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. விஷப்பாம்பு தீண்டிவிட்டது என்கிறார்கள் சிலர். மலைப்பாம்பு எலும்பை நொறுக்கிவிட்டது என்கிறார்கள் சிலர். எது உண்மை? விழித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா? மற்ற ஆடுகளை எப்படிப் பாதுகாப்பது?

பதில்: நீங்கள் எழுதியுள்ள அடையாளங்கள் மலைப்பாம்பையே காட்டுகின்றன. முக்கியமான துப்பு அந்த ஈரம். பாம்பு இரையைப் பெரும்பாலும் தலைப் பக்கமிருந்தே விழுங்கும். அப்போதுதான் கால்கள் பின்னோக்கி மடங்கி வழிவிடும். உங்கள் குட்டியைத் தோள் வரை விழுங்கிப் பார்த்து, அதற்கு மேல் வாய் கொள்ளாமல் கக்கிவிட்டுப் போயிருக்கிறது. நாயோ நரியோ என்றால் சதை கிழிந்திருக்கும். கண்ணாடி விரியன் கடி என்றால் பெரும்பாலும் கடிவாய் வீங்கியிருக்கும். வரிசையாகத் தெரியும் புள்ளிகள் மலைப்பாம்பின் பற்கள் பதிந்த இடம். அவை உள்நோக்கி வளைந்த பற்கள். பிடித்துக்கொள்ள மட்டுமே உதவும். அவற்றில் விஷம் கிடையாது.

எலும்பை நொறுக்கியதா என்றால், இல்லை. வேண்டுமானால் விலா எலும்புகளைத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் முழுதாகவே இருக்கும். மூச்சு முட்டியே இரை சாகிறது என்றுதான் பாடப் புத்தகங்களும் நெடுங்காலம் சொல்லிவந்தன. குட்டி மூச்சு விடும்போதெல்லாம் பாம்பு பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கும், கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கவே முடியாமல் போகும் என்பது அந்த விளக்கம். ஆனால் இரை சாகும் வேகத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. மூச்சை மட்டும் அடைத்தால் சாக நிமிடங்கள் பிடிக்கும்.

2015இல் அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரி ஆய்வாளர் ஸ்காட் போபாக் குழுவினர் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். மயக்க மருந்து கொடுத்த எலிகளின் ரத்தக் குழாய்களில் அளவுக் குழல்களைப் பொருத்தி, மலைப்பாம்பைப் போலவே இரையைச் சுற்றி இறுக்கும் போவா பாம்புகளிடம் கொடுத்தார்கள். பாம்பு சுற்றி இறுக்கிய 6 நொடிக்குள், இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் தமனியின் அழுத்தம் பாதியாகச் சரிந்தது. இதயத்துக்குத் திரும்பும் சிரையின் அழுத்தம் 6 மடங்கு ஏறியது. உள்ளே வரும் வழியிலும் வெளியே போகும் வழியிலும் அழுத்தம் தலைகீழாகிவிட்டால் ரத்தம் எப்படி ஓடும்? ஒரு நிமிடத்துக்குள் இதயத் துடிப்பும் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. மூளைக்கு ரத்தம் நின்றால் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். எலியில் கண்ட அதே நொடிக் கணக்கு ஆட்டுக்குட்டிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். வழிமுறை அதேதான். உங்களுக்குச் சத்தம் கேட்காததற்கு உறக்கம் காரணமில்லை. நெஞ்சு இறுகிய குட்டியால் கத்தியிருக்க முடியாது.

பாய்ச்சலும் அதே வேகம்தான். விஷப்பாம்புதான் மின்னலாகப் பாயும் என்று நினைக்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் பென்னிங் குழுவினர் 2016இல் வெளியிட்ட அளவீடுகள் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டன. விஷமற்ற டெக்சாஸ் எலிப்பாம்பும், விஷமுள்ள இரண்டு விரியன் இனங்களும் ஏறத்தாழ சம வேகத்தில் பாய்ந்தன. நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் பாய்ச்சல் முடிந்து கடியும் விழுந்துவிடும். மலைப்பாம்புக்கு உதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகள் வேறு உண்டு. கும்மிருட்டிலும் சூடான உடல் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். விளக்கை எரியவிடுவதால் உங்களுக்குத்தான் பயன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கே வியப்பான செய்தி. பாம்பு எப்போது பிடியை விட வேண்டும் என்பதை இரையின் இதயத் துடிப்பை உணர்ந்தே முடிவு செய்கிறது. 2012இல் இதே போபாக் குழுவினர் செத்த எலிக்குள் செயற்கை இதயத்தை வைத்துத் துடிக்கவிட்டார்கள். துடிப்பு இருந்தவரை பாம்பு அதிக நேரம், அதிக வலுவோடு இறுக்கியது. உயிருள்ள இரையையே பார்த்திராத பாம்புகளும் அப்படியே செய்தன. அவ்வளவு இறுக்கும்போது அது எப்படி மூச்சு விடுகிறது என்றால், இறுக்கும் பகுதியின் விலாக்களை ஓயவிட்டு, பின்பகுதி விலாக்களைத் துருத்திபோல் இயக்கிக்கொள்கிறது.

விழித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டீர்கள். பக்கத்திலேயே நின்றிருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும். அப்படி நேரில் பார்த்தால் தலையைப் பிடித்து இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் குட்டியின் தோல்தான் கிழியும். வால் நுனியைப் பிடித்துச் சுற்றுச் சுற்றாகப் பிரிக்க வேண்டும். பெரிய பாம்பென்றால் தனியாக இறங்கவே கூடாது. பிழைத்த குட்டியின் காயத்தைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆழமான பல் காயத்தில் டெட்டனஸ் வரக்கூடும்.

பாம்பின் வேகத்துக்கு நாம் ஈடுகொடுக்க முடியாது. ஆகவே கவனம் முழுவதும் கொட்டகையின் இடைவெளிகள் மீதே இருக்கட்டும். கதவின் அடிப்புறம், சுவருக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள சந்து, தண்ணீர் வெளியேறும் துளை ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையால் அடைத்து, அடிப்பகுதியை அரையடி ஆழம் மண்ணில் புதையுங்கள். மலைப்பாம்பு மரம் ஏறும் என்பதால் கூரைமேல் சாய்ந்த கிளைகளை வெட்டிவிடுங்கள். சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். தீவனத்தை மூடிய டிரம்மில் வையுங்கள். கற்குவியலும் விறகுக் குவியலும் கொட்டகையை ஒட்டி வேண்டாம். பூண்டு, கந்தகம், பினாயில் தெளிப்பதை நம்பி வலையைத் தள்ளிப்போடாதீர்கள். வளர்ந்த ஆடுகளைவிடக் குட்டிகளுக்கே ஆபத்து அதிகம். வலை அடிக்கும்வரை அவற்றை நாலு பக்கமும் மூடிய அறையில் அடையுங்கள்.

செத்த குட்டியின் இறைச்சியைப் பயன்படுத்த வேண்டாம். விஷம் இல்லைதான், ஆனால் ரத்தம் வடியாமல் இரவெல்லாம் கிடந்த உடல் அது. ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

அந்தப் பாம்பு மீண்டும் வரலாம். இந்த முறை ஒரு சிறு குட்டியை முழுதாக விழுங்கிவிட்டால், வயிறு பருத்து, வந்த சந்து வழியே வெளியேற முடியாமல் உள்ளேயே கிடக்கும். அடிக்காதீர்கள், பல நாடுகளில் மலைப்பாம்பைக் கொல்வது குற்றம். ஆடுகளை வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.