டெஸ்ட் முடிந்தது, குப்பை யார் அள்ளுவது?

என் கோடைச் சோதிக்கும் டெஸ்ட், தனியாக ஓட்டினால் பாஸ், மற்ற டெஸ்ட்களோடு மொத்தமாக ஓட்டினால் ஃபெயில். முந்தைய டெஸ்ட் போட்ட ஆர்டர்கள் டேட்டாபேஸ் டேபிளில் கிடக்கின்றன சார். கடைசியில் டெலிட் போட்டிருக்கிறேனே? (வண்ணாரப்பேட்டை வாசகர்)

அந்தக் 'கடைசியில்'தான் வினை. நடுவில் ஓர் அசர்ட் (விடை சரியா என்று பார்க்கும் வரி) தோற்றால் அதற்குக் கீழே எதுவும் ஓடாது. பைடெஸ்ட் (பைத்தானில் டெஸ்ட் ஓட்டும் கருவி) என்றால் ஃபிக்ஸரில், அதாவது டெஸ்ட்டுக்கு வேண்டியதைத் தயார் செய்யும் ஃபங்ஷனில், டெஸ்ட்டிடம் கைமாற்றும் யீல்டு வரிக்குக் கீழே எழுதுங்கள், டெஸ்ட் தோற்றாலும் ஓடும். ஆனால் யீல்டுக்கு முன்பே ஃபிக்ஸர் உடைந்தாலோ, யாராவது ப்ராசஸையே கில் செய்தாலோ அதுவும் ஓடாது. அதனால் நான் தொடக்கத்திலும் ஒரு முறை துடைப்பேன். ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் அக்கா, ராத்திரி கழுவி வைத்த பலகைதான் என்றாலும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றித்தான் மீனைப் பரப்புவார்.

ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) டெஸ்ட்கேஸ்தான், டெஸ்ட் செய்த மாற்றங்களைத் தானே ரோல்பேக் செய்து பழையபடி ஆக்கிவிடுகிறதே, பிறகும் ஐடி 1 வராமல் 7 வருகிறது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். (திருவொற்றியூர்)

டேபிளின் வரிசைகள் திரும்பும், அடுத்த ஐடியைத் தரும் கவுண்டரான சீக்வென்ஸ் திரும்பாது. ஐடியை எண்ணாக எழுதாதீர்கள். உருவாக்கிய ஆப்ஜெக்டிடமே கேளுங்கள்.

டெலிட் செய்தால் ஃபாரின் கீ (ஒரு டேபிள் இன்னொன்றைச் சுட்டும் இணைப்பு) எரர். ட்ரன்கேட் கேஸ்கேட் போடலாமா? (கொருக்குப்பேட்டை)

உங்கள் லேப்டாப்பில் தாராளமாக. பலர் பகிரும் ஸ்டேஜிங்கில் (வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கும் சர்வர்) வேண்டவே வேண்டாம். போஸ்ட்கிரெஸில் அது, சொன்ன டேபிளைச் சுட்டும் மற்ற டேபிள்களையும் சேர்த்தே காலி செய்யும். பட்டவன் சொல்கிறேன். பழைய வேலை ஒன்றில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'கஸ்டமர்' டேபிளில் அதைப் போட்டேன். ஆர்டர், பில், பேமென்ட் எல்லாம் போய், மேனுவல் டெஸ்டர் அக்கா ஒரு வாரமாகச் சேர்த்த டேட்டாவும் போனது. திங்கட்கிழமை அவர் என்னிடம் பேசவில்லை, டீ மட்டும் வாங்கித் தரச் சொன்னார்.

அப்புறம்தான் இரண்டு பழக்கம் வந்தது. டெஸ்ட் போடும் ஒவ்வொரு கஸ்டமர் பெயரிலும் அந்த ஓட்டத்தின் எண்ணை ஒட்டிவிடுவேன். துடைக்கும்போது அந்த எண் உள்ளவற்றை மட்டும், சுட்டும் குழந்தை டேபிளிலிருந்து சுட்டப்படும் தாய் டேபிள் நோக்கி அழிப்பேன். இன்னொன்று, டேட்டாபேஸ் பெயர் 'டெஸ்ட்' என்று முடியாவிட்டால் ட்ரன்கேட் போடும் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். நாலே வரி கோட்.

டெஸ்ட் எழுதும் ஃபைல்களையும் அழிக்க வேண்டுமா? (பெரம்பூர்)

டிஎம்பி பாத் ஃபிக்ஸர் (பைடெஸ்ட்டே தரும் தற்காலிக ஃபோல்டர்) தரும் இடத்தில் எழுதினால் வேண்டாம். பைடெஸ்ட் கடைசி 3 ஓட்டங்களின் ஃபோல்டரை வைத்துக்கொண்டு பழையதைத் தானே நீக்கும். தோற்ற டெஸ்ட் என்ன எழுதியது என்று போய்ப் பார்க்கவும் வசதி.