அலபாமாவின் சிறு ஊர்களில் நடக்கும் 'சேக்ரட் ஹார்ப்' பாட்டுக் கூட்டத்துக்கு முதன்முறை போகிறவர் என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?

கேள்வி கேட்டவர் வடக்கு அலபாமாவிலுள்ள ஹன்ட்ஸ்வில் நகருக்குப் புதிதாகக் குடிவந்தவர். சாண்ட் மவுண்டன் மேலுள்ள ஹெனகர் ஊர்த் தேவாலயத்தில் நடக்கும் முழுநாள் கூட்டத்துக்கு அண்டை வீட்டார் அழைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் கொஞ்சம் கர்நாடக சங்கீதம் கற்றதோடு சரி, சைவம், கிறிஸ்தவர் இல்லை, போகலாமா என்கிறார்.

தாராளமாகப் போகலாம். கச்சேரி கேட்கப் போகும் நினைப்பை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே மேடை இல்லை, ரசிகர் வரிசை இல்லை, ஒத்திகை இல்லை, கைதட்டலும் இல்லை. வந்தவர் எல்லாரும் பாடுவார்கள், நீங்களும்தான்.

முதல் வேலை, எந்தப் புத்தகம் என்று அழைத்தவரிடம் கேட்பது. 'சேக்ரட் ஹார்ப்' என்பதே 1844இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த பி.எஃப். வைட், இ.ஜே. கிங் இருவர் பெயரில் வந்த பாட்டுப் புத்தகம்தான். வடக்கு அலபாமாவிலும் மேற்கு ஜார்ஜியாவிலும் டென்சன் பதிப்பு. தெற்கு அலபாமாவில் டோத்தன் பக்கம் போனால் 1902இல் தொடங்கிய கூப்பர் பதிப்பு. தெற்கிலேயே ஓசார்க் வட்டாரக் கறுப்பின மக்களுக்கு ஜட்ஜ் ஜாக்சன் 1934இல் தொகுத்த தனிப் புத்தகமும் உண்டு. இந்தப் பாட்டை வெள்ளையர் மரபு என்று மட்டும் சொல்கிறவர்கள் அந்த மனிதரை மறந்துவிடுகிறார்கள், அது சரியல்ல. டென்சன் பதிப்பிலும் 1991ஆம் ஆண்டு அச்சும் 2025இல் வந்த புதிய அச்சும் எல்லாப் பக்கங்களிலும் ஒத்துப்போகாது. கூட்டத்தில் பாட்டைப் பக்க எண் சொல்லித்தான் அழைப்பார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு பாட்டு இருந்தால் '45, மேலே', '47, கீழே' என்பார்கள். தவறான பதிப்பைக் கையில் வைத்திருந்தால் ஊர் ஒரு பாட்டில் இருக்கும், நீங்கள் வேறொரு பாட்டில் இருப்பீர்கள். புத்தகம் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். வாசலில் இரவல் கிடைக்கும்.

சுரக் குறிப்பு கர்நாடகம் தெரிந்தவருக்குச் சீக்கிரம் பிடிபடும். ஏழு சுரத்துக்கு நான்கே பெயர், நான்கே வடிவம்: ஃபா முக்கோணம், சோல் வட்டம், லா சதுரம், மீ வைரம். சங்கராபரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ச ரி க இங்கே ஃபா சோல் லா. ம ப த, அதுவும் ஃபா சோல் லாதான், ஏனென்றால் இரண்டு துண்டுகளிலும் சுர இடைவெளி ஒன்றே. மிஞ்சும் நி மட்டும் மீ. ஏறும்போது முக்கோணம் வந்தால் அதற்கு முந்தைய சுரத்திலிருந்து அரைச் சுரம்தான் தூரம் என்று ஞாபகம் வைத்தால் பாதிப் பாடம் முடிந்தது. சோகமான மெட்டுகளுக்கு லாதான் ஆதார சுரம். அச்சில் அது நடபைரவி. தெற்கத்திக்காரர்கள் பலர் ஆறாவது சுரத்தை அரைச் சுரம் ஏற்றிப் பாடுவார்கள், அதாவது கரகரப்பிரியா. புத்தகத்தில் இதற்குக் குறி கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் காதுவழி வந்தது. வீட்டில் கீபோர்டில் வாசித்துப் பழகி வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் இடிப்பார்கள். அந்தச் சுரத்தில் மட்டும் வாயை மூடி, முன்வரிசையைக் கேளுங்கள்.

எந்தப் பாட்டையும் முதலில் சுரப் பெயராலேயே ஒருமுறை பாடிவிட்டுத்தான் சொற்களுக்குப் போவார்கள். நம் ஊரில் கீதத்துக்குச் சுரம் பாடி, பிறகு சாகித்தியம் பாடுவதுபோல.

உட்காரும் முறை நடுவில் வெற்றிடம் விட்ட சதுரம். நான்கு பக்கமும் நான்கு குரல்: டெனர், அதற்கு எதிரே ஆல்டோ, பக்கவாட்டில் உச்சக் குரலான டிரெபிளும் அடிக்குரலான பேஸும். மெட்டு டெனரிடம் இருக்கிறது. ஆணும் பெண்ணும் கலந்து பாடுவார்கள். புதியவர் டெனர் பக்கம் மூன்றாவது, நான்காவது வரிசையில் நன்றாகப் பாடுகிற இருவருக்கு நடுவே உட்காருவது நல்லது. முன்பெஞ்சு தாளத்தைத் தாங்குகிறவர்களுக்கு உரியது. கடைசி வரிசையும் வேண்டாம்; அங்கே நான்கு குரலும் கலங்கிக் கேட்கும், உங்கள் வரி எது என்றே தெரியாது. பழைய தேவாலயங்களில் தரையும் சுவரும் பலகை. குரலைத் திருப்பித் தரும். கம்பளம் விரித்த புதுக் கூடங்களில் அதே நூறு பேர் பாடினாலும் சத்தம் அமுங்கிவிடும்.

வாத்தியம் எதுவும் கிடையாது. சுதி பிடித்துக் கொடுக்க ஒருவர் இருப்பார். அச்சிலுள்ள கட்டையைப் பார்க்காமல் அன்றைய குரல்களின் களைப்பைப் பார்த்துத்தான் வைப்பார். சற்று ஏறிப்போனால் டிரெபிள் பெஞ்சில் உடனே தெரிந்துவிடும். நிறுத்தி, இறக்கி, மறுபடி தொடங்குவார்கள். யாரும் குறையாக எடுப்பதில்லை. புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் ஒரு மணி நேரத்திலேயே தொண்டையைக் கிழித்துக்கொள்வது. எல்லாரும் முழுக் குரலில் பாடுவதால் உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது, இன்னும் கத்துவீர்கள், மதியத்துக்குள் குரல் போய்விடும். நாலு பாட்டுக்கு ஒன்றை விட்டுவிட்டுத் தண்ணீர் குடியுங்கள்.

பாட்டை நடத்துவதும் முறைவைத்துத்தான். வாசலில் பெயர் எழுதிக் கொடுத்தால் வரிசைப்படி அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் சதுரத்தின் நடுவில் நின்று டெனரைப் பார்த்தபடி கையை இறக்கி ஏற்றித் தாளம் போட வேண்டும். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். நான்கு பக்கக் குரலும் ஒரே அளவில் மோதும் இடம் அது ஒன்றுதான். நெஞ்செலும்பு அதிர்வதைக் கையை வைத்தால் உணரலாம். ஒருமுறையாவது அங்கே நில்லுங்கள். ஒருநாளில் பாடிய பாட்டைத் திரும்பப் பாடுவதில்லை, எனவே மூன்று பக்க எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் 'ஃபியூகிங்' மெட்டுகளை முதல்முறை எடுக்க வேண்டாம். 45, மேலே இருக்கும் 'நியூ பிரிட்டன்' போதும். 'அமேசிங் கிரேஸ்' என்று உலகமறிந்த பாட்டு அதுதான். வழி தவறினால் கையை நிறுத்தாமல் டெனர் முன்பெஞ்சைப் பாருங்கள், அவர்கள் கொண்டுசேர்ப்பார்கள்.

நண்பகலில் பந்தி. வெளியே மரத்தடியில் நீள மேசை, வீட்டுக்கு வீடு கொண்டுவந்த பாத்திரங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். கிரீன் பீன்ஸ், காலர்ட் கீரை, பயறு எல்லாம் பார்க்கக் காய்கறி. பெரும்பாலும் பன்றிக்கொழுப்போ பேக்கனோ போட்டு வேகவைத்திருப்பார்கள். கார்ன்பிரெட்டைச் சட்டியில் ஒட்டாமல் எடுக்க அதே கொழுப்பைத் தடவும் வழக்கமும் உண்டு. சர்க்கரைவள்ளி மேலுள்ள மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின். சமைத்தவரிடமே கேளுங்கள், மகிழ்ந்து சொல்வார்கள். நீங்களும் ஒன்று கொண்டுபோங்கள். நான்கு கப் அரிசியில் புளியோதரை இருபது பேர் ருசி பார்க்கத் தாராளம். மிளகாயைப் பாதியாக்குங்கள், எண்ணெய் ஒரு கரண்டி கூட்டுங்கள், வேர்க்கடலை போட்டிருந்தால் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். பந்திவரை பனிக்கட்டிப் பெட்டியில் இருக்கட்டும். 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய வெயிலில் சமைத்த உணவு ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே இருக்கக் கூடாது.

சமய விஷயம்: பாட்டு எல்லாம் கிறிஸ்தவப் பாட்டு, தொடக்கத்திலும் பந்திக்கு முன்பும் ஜெபம் உண்டு. பிரசங்கம் இல்லை, உங்கள் மதத்தை யாரும் விசாரிக்க மாட்டார்கள். இடையில் நினைவுப் பாடல் என்று ஒன்று வரும். அந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து, அவர்களுக்காகப் பாடுவார்கள். உங்கள் வீட்டில் யாரேனும் தவறியிருந்தால் அந்தப் பெயரையும் காலையிலேயே எழுதிக் கொடுக்கலாம். தமிழ்ப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று பக்கத்தில் அசை பிரித்து எழுதுங்கள். வாசிப்பவர் சரியாகச் சொல்லத்தான் விரும்புவார். யார் எந்தப் பக்கத்தை நடத்தினார் என்று செயலர் ஏட்டில் பதிவார், உங்கள் பெயரும் அதில் ஏறும்.

பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு 62ஆம் பக்கம், 'பார்ட்டிங் ஹேண்ட்'. பாடிக்கொண்டே எழுந்து ஒருவருக்கொருவர் கைகொடுத்து விடைபெறுவார்கள். அந்த நேரத்தில் கையில் பையும் பாத்திரமுமாக நிற்காதீர்கள்.