விமான நிலையத்துக்கான எரிபொருள் கிடங்கை எங்கள் தெருவை ஒட்டி அமைக்கப் போகிறார்கள். எதிர்த்தால் வளர்ச்சிக்கு எதிரி என்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் எழுத்தில் கேள்வி கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் தயங்காமல் எதிர்த்து நில்லுங்கள். உங்கள் ஊர் எது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆனால் தெருவில் பாதிப் பேருக்குப் பட்டா இல்லை, அதனால் பேசப் பயப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கிடங்குக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்பதை அதிலிருந்தே என்னால் ஊகிக்க முடிகிறது.

நான் வேலூர்க்காரன். விமான நிலையமே வேண்டாம் என்று சொல்பவனாக என்னை யாரும் எண்ண வேண்டாம். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிற நோயாளிகள் நாள் கணக்கில் ரயிலில் படுத்து வந்து காட்பாடியில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன்; எங்கள் வேலூர் விமான நிலையம் இருக்கும் அப்துல்லாபுரத்தில் விமானம் இறங்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவன். அங்கே இப்படி ஒரு கிடங்குப் பிரச்சினை இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. என் பேச்செல்லாம் கிடங்கை யாருடைய வீட்டுப் பக்கம் தள்ளுகிறார்கள் என்பதைப் பற்றித்தான்.

எங்கள் பகுதியில், பாலாற்றங்கரைக் காலனி ஒன்றின் பின்புறம், தனியார் போக்குவரத்து நிறுவனம் ஒன்று தன் லாரிகளுக்கான டீசலுக்குத் தரைக்கடியில் டேங்க் புதைத்தது. அது முதலில் எதிர்ப்பக்கம், புதிய மனைப்பிரிவை ஒட்டி வருவதாகத்தான் இருந்தது. மனை வாங்கியவர்கள் வக்கீல் மூலம் ஒரு கடிதம் அனுப்பினார்கள். டேங்க் காலனிப் பக்கம் நகர்ந்துவிட்டது. காலனியிலிருந்தும் மனு போனது. அதை எழுதிக் கொடுத்தவர் என் அப்பா. மனுவை வாங்கிய அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு அங்கே பட்டா இருக்கிறதா?" என்பது. புறம்போக்கில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களிடம் அப்படிக் கேட்டால், அவர்கள் டேங்கை மறந்துவிட்டு வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். மனு அத்துடன் நின்றுபோனது.

சில ஆண்டுகள் ஒன்றும் தெரியவில்லை. ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு கிணற்றில் நீர் ஏறியபோது, இறைத்த தண்ணீரில் எண்ணெய் வாடை அடித்தது. டீசல் தண்ணீரைவிட இலேசானது. மண்ணுக்குள் கசிந்தது நிலத்தடி நீரின் மேல் படலமாகத் தங்கி, நீர் ஏறும்போது தானும் ஏறிக் கிணற்றுக்கு வந்து சேரும். பாலாற்று மணலில் அது நகர்வதற்குப் பெரிய தடையும் கிடையாது. எங்கள் பெரியம்மா அந்தத் தண்ணீரை ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு நிறுவனத்து மேலாளரிடம் போனார். அவர் உரிமத்தை எடுத்துக் காட்டினார். உரிமம் உண்மையானதுதான். டேங்கின் கொள்ளளவும், சுற்றுச்சுவருக்குள் விட வேண்டிய இடைவெளிகளும் அதில் இருந்தன. சுவருக்கு அப்பால் ஒரு கிணறு இருக்கிறது என்றோ, அதன் தண்ணீரை யார் சோதிப்பது என்றோ ஒரு வரியும் இல்லை. பிறகு நிறுவனம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. கிணற்றை மூடிவிட்டார்கள். காலனிப் பெண்கள் இன்னும் குடத்தோடு டேங்கர் லாரிக்குக் காத்திருக்கிறார்கள்.

லாரி டீசல் டேங்கையும் நவீன விமான எரிபொருள் கிடங்கையும் ஒப்பிடலாமா என்று பொறியாளர்கள் கேட்கக்கூடும். அவர்கள் ஹவாய்த் தீவுகளில் உள்ள ரெட் ஹில்லைப் பார்க்கட்டும். அங்கே அமெரிக்கக் கடற்படை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டிய 20 பெரிய நிலத்தடி டேங்குகள், குடிநீர் தரும் நீர்த்தேக்கப் பாறைக்குச் சுமார் 100 அடி மேலே இருந்தன. 2021 நவம்பரில் கசிந்த விமான எரிபொருள், சுமார் 93,000 பேருக்குத் தண்ணீர் கொடுக்கும் குழாய்களில் கலந்தது. வாடையை முதலில் கண்டு சொன்னவர்கள் வீட்டுக் குழாயைத் திறந்த குடும்பங்கள். தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று கடற்படை முதலில் பதில் சொன்னது. 2022 மார்ச்சில் கிடங்கை மூட உத்தரவிட்டார்கள். பணமும் பொறியியலும் நிறைந்த இடத்திலேயே இதுதான் நிலை.

விமான எரிபொருள் பெட்ரோலைப் போல எளிதில் தீப்பிடிக்காது என்று உங்களிடம் சொல்வார்கள். அது உண்மைதான். அது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. அதன் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் அதன் ஆவி தீப்பிடிக்கத் தொடங்கும் வெப்பநிலை, குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர அளவு. ஆனால் கத்திரி வெயிலில் எங்கள் வேலூரில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். உங்கள் ஊர்க் கோடை வெப்பத்தை வைத்துப் பாதுகாப்புத் தூரத்தைக் கணக்கிட்டார்களா என்று கேட்பது அறியாமை ஆகாது.

எங்கள் மாவட்டத்துக்காரர்கள் ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தோல் ஆலைக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதைப் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், தீங்கு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்ற கொள்கைகள் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும் சொன்னது. அப்படிச் சொல்லி 19 ஆண்டுகள் ஆகும் நிலையில், 2015 ஜனவரி இறுதியில், அப்போது எங்கள் மாவட்டத்தில் இருந்த இராணிப்பேட்டையின் சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் உறங்கும் நிலை ஆலை முதலாளிகளுக்கு இல்லை. உங்கள் ஊரிலும் விமானத்தில் ஏறப் போகிறவர்களின் வீடு கிடங்கிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி வணிக விமான நிலையங்களுக்கு முன் அனுமதி தேவை. எரிபொருள் நிரப்பும் வசதியோ வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாடோ இல்லாத ஓடுதளங்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஆகவே விண்ணப்பத்தில் இந்தக் கிடங்கு காட்டப்பட்டதா, எந்த இடத்தில், எவ்வளவு கொள்ளளவில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. மாற்று இடங்கள் எவை, அவை ஏன் கைவிடப்பட்டன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் எங்கள் காலனியில் நடந்தது அங்கேதான் வெளிப்பட்டிருக்கும். கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் எல்லோரும் போய்ப் பேசுங்கள். அங்கே பேசப் பட்டா தேவையில்லை. கிடங்கின் அளவு 1989ஆம் ஆண்டின் அபாயகர வேதிப்பொருள் விதிகளுக்குள் வந்தால், விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுற்றுவட்டாரத்து மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க ஏற்பாடு செய்வது கிடங்கை நடத்துபவர்களும் அதிகாரிகளும் தட்டிக்கழிக்க முடியாத கடமை. அதைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். அனுமதி கொடுத்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் இருக்கிறது; தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தரலாம்.

இவற்றோடு, முதல் டேங்க் வருவதற்கு முன்பே தெருவின் கிணற்று நீரையும் போர் தண்ணீரையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து, பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பென்சீன் ஆகியவற்றுக்குச் சோதித்து, தேதியிட்ட அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் முன்பு சுத்தமாக இருந்தது என்று காட்டக் காலனிக்காரர்களிடம் ஒரு தாளும் இல்லை. அவர்களுடைய புகார் அதனால்தான் நிற்கவில்லை.