ஹெச்-இண்டெக்ஸ் கேட்கும் முன் பெயரைச் சரிபாருங்கள்

கே: கூகுள் ஸ்காலரில் என் ஹெச்-இண்டெக்ஸ் 19, ஸ்கோபஸில் 13. விண்ணப்பத்தில் எதைப் போடுவது?
– உயிர்வேதியியல் உதவிப் பேராசிரியர், கோவை

ப: ஹெச்-இண்டெக்ஸ் 19 என்றால், ஒவ்வொன்றும் குறைந்தது 19 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 19 இருக்கின்றன என்று பொருள். படிவம் எந்தத் தளத்தைக் கேட்கிறதோ அதை. கேட்கவில்லை என்றால் இரண்டையும் போடுங்கள். கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான ஸ்காலர் ஆய்வேடு, பிரிபிரிண்ட் (இதழின் மதிப்பாய்வுக்கு முன் வெளியாகும் வரைவு), மாநாட்டுச் சுருக்கம் என்று வலையில் அகப்படும் எல்லாவற்றிலிருந்தும் மேற்கோளை எண்ணும். கட்டுரைத் தரவுத்தளமான ஸ்கோபஸ் தன் பட்டியலில் உள்ள வெளியீடுகளை மட்டும் எண்ணும். ஆகவே இந்த அளவு இடைவெளி இயல்புதான். எண்ணுக்குப் பக்கத்திலேயே தளத்தின் பெயரும் பார்த்த தேதியும் இருக்க வேண்டும்.

கே: ஹெச்-இண்டெக்ஸ் 12 நல்லதா?
– பெயர், ஊர் இல்லை

ப: துறை எழுதவில்லை, முதல் கட்டுரை வந்த ஆண்டு எழுதவில்லை, தளமும் எழுதவில்லை. இவை இல்லாமல் பதில் சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒன்று கூடினால் நல்லது என்று 2005இல் இந்த அளவீட்டை உருவாக்கிய ஹிர்ஷ் சொன்னது இயற்பியலாளர்களை வைத்து. புற்றுநோய் ஆய்வுக்கும் உடற்கூறியலுக்கும் அதே அளவுகோலை வைக்காதீர்கள்.

கே: ஸ்கோபஸில் எனக்கு மூன்று பக்கங்கள் இருக்கின்றன. ஒன்றில் நான் எழுதாத எலும்பு முறிவுக் கட்டுரைகளும் உள்ளன. அப்படியே விட்டுவிடலாமா?
– நோயெதிர்ப்பியல் ஆய்வாளர், சென்னை

ப: விடவே கூடாது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இதழின் படிவமோ அதைக் கட்டாயம் கேட்கும். அவசரத்தில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக நிரப்புகிறோம். கே. செந்தில் குமார் ஒரு கட்டுரையில் 'குமார் கே.எஸ்.', அடுத்ததில் 'செந்தில்குமார் கே.', தந்தை பெயரை விரித்து எழுதிய இன்னொன்றில் 'கந்தசாமி எஸ்.கே.' ஆகிறார். தளத்தின் கணக்கில் மூன்று ஆட்கள். 14 ஆக நிற்க வேண்டிய ஹெச்-இண்டெக்ஸ் 8, 6, 4 என்று சிதறும். மூன்றையும் கூட்டிச் சொல்லவும் முடியாது. 'குமார் எஸ்.' என்று போய்விட்டாலோ, அதே பெயருள்ள எத்தனையோ பேரோடு கலந்துவிடுவீர்கள்.

முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தில் சொந்தப் பெயரை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். முதற்பெயர்க் கட்டத்தில் தந்தை பெயரை முழுதாக எழுதுங்கள். ஒற்றை எழுத்தைச் சில படிவங்கள் ஏற்காது. திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறினாலும் கட்டுரையில் மாற்றாதீர்கள்.

ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண் வாங்கி, பழைய பெயர் வடிவங்களை அதில் மறுபெயர்களாகச் சேருங்கள். கட்டுரை அனுப்பும்போது இணை ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தாமே உள்நுழைந்து தம் எண்ணை இணைக்க வேண்டும். ஸ்கோபஸில் எல்லா வடிவங்களையும் தேடி, உங்கள் பக்கங்களைத் தேர்ந்து ஒன்றாக்கக் கோருங்கள். பிறர் கட்டுரைகளை நீக்கவும் அதே இடத்தில் வழி உண்டு. ஸ்காலரில் தானாகச் சேர்க்கும் வசதியை அணைத்து, மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். இதழிலேயே பெயர் தவறாக அச்சாகியிருந்தால் திருத்தம் கேட்டு இதழுக்கு எழுதுங்கள். தளங்கள் இதழைத்தான் பின்பற்றும்.

அந்த எலும்பு முறிவுக் கட்டுரைகளை இன்றே நீக்குங்கள். அடுத்தவர் மேற்கோளைக் காட்டி வேலை வாங்கினால் அது முறைகேடு. நேர்முகத் தேர்வில் யாராவது கேட்டால், தளம் தானாகச் சேர்த்தது என்ற பதில் எடுபடாது.

கே: என் 11 கட்டுரைகளின் இம்பாக்ட் ஃபாக்டர் கூட்டுத்தொகை 38. குறிப்பிடலாமா?
– மருந்தியல் ஆய்வு மாணவி, மதுரை

ப: வேண்டாம். இம்பாக்ட் ஃபாக்டர் இதழின் சராசரி. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு ஓராண்டில் கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. ஓர் அமெரிக்கப் புற்றுநோய் இதழின் எண் நூற்றுக்கணக்கில் நிற்பதற்கு, ஆண்டுதோறும் அது வெளியிடும் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரை பெரிய காரணம். இதழின் மற்ற கட்டுரைகளும் அதே அளவு மேற்கோள் பெற்றன என்று ஆகாது. உங்கள் கட்டுரை ஒவ்வொன்றும் பெற்ற மேற்கோளை எழுதுங்கள், தளமும் தேதியும் சேர்த்து.

கே: ஸ்டான்ஃபோர்டின் 2 சதவீதப் பட்டியலில் வந்துவிட்டேன். விருது என்று எழுதலாமா?
– நுண்ணுயிரியல் பேராசிரியர், திருச்சி

ப: விருது அல்ல. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் இயோனிடிஸ் குழுவினர், அதிகம் மேற்கோள் பெறும் ஆய்வாளர்களை ஸ்கோபஸ் தரவிலிருந்து தொகுக்கும் அட்டவணை. வாழ்நாள் பட்டியல் வேறு, ஓராண்டுப் பட்டியல் வேறு. எதில், எந்த ஆண்டுப் பதிப்பில், சுயமேற்கோளை நீக்கிய பிறகும் இருக்கிறீர்களா என்று எழுதுங்கள்.

கே: திரும்பப் பெறப்பட்ட கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கை அழிந்துவிடுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: அழியாது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சிட்ட 1998 லான்செட் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. மறுப்பதற்காகவேனும் இன்னும் மேற்கோள் காட்டப்படுகிறது. மேற்கோள் மிகுந்த கட்டுரை நல்ல கட்டுரை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பட்டியலில் அப்படி ஒன்று இருந்தால் 'திரும்பப் பெறப்பட்டது' என்று குறித்தே வையுங்கள். பிறர் கட்டுரையை மேற்கோள் காட்டும் முன் மருத்துவக் கட்டுரைத் தேடுதளமான பப்மெட்டில் தலைப்பைத் தேடினால் எச்சரிக்கை தெரியும். மேற்கோள்களைத் தொகுக்கும் மென்பொருளான ஸோட்டெரோ வைத்திருப்பவர்களுக்கு அதுவே காட்டிவிடும்.