சாமியாரைப் பற்றிப் புகார் சொன்னால் விசுவாசம் போய்விடுமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோரக் கிராமம் எங்களுடையது. ஊர் முழுக்கக் கத்தோலிக்கர். போன வருடம்வரை இருந்த பங்குச் சாமியார், பூசைக்கு உதவும் பையன் ஒருவனிடம் தவறாக நடந்துகொண்டதாக அந்தப் பையனின் தாயே என்னிடம் அழுது சொன்னார். ஒரே வாரத்தில் சாமியாருக்கு மாற்றல் வந்துவிட்டது. திருவிழா நேரம், ஊர் மானம் போய்விடும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். என் மகனுக்கு 12 வயது, அவனும் பீடத்தில் உதவுகிறான். என் கணவர் கடலுக்குப் போகிறவர். இனிமேல் கோவில் பக்கமே போகக்கூடாது என்கிறார். எனக்கு விட மனமில்லை. அந்தச் சாமியார் கையால் வாங்கிய நற்கருணை செல்லுமா? இதைப் பற்றி நான் வாய் திறந்தால் பாவமா? என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, உங்கள் மனதை அரிக்கும் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அவர் கையால் வாங்கிய நற்கருணை செல்லும். அவர் கொடுத்த ஞானஸ்நானமும் ஆசீர்வதித்த திருமணங்களும் செல்லும். 4ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் இதே கேள்வியால் திருச்சபையே பிளந்தது. பேதுரு ஞானஸ்நானம் கொடுத்தாலும் யூதாஸ் கொடுத்தாலும் உண்மையில் கொடுப்பவர் கிறிஸ்துதான் என்று புனித அகுஸ்தினார் அன்று விளக்கினார். இன்றும் திருச்சபையின் போதனை அதுதான். ஆனால் இதையே காரணம் காட்டி, அவர் குருவாகத் தொடர்வதில் தவறில்லை என்று யாராவது வாதாடினால் ஏற்காதீர்கள். அருட்சாதனம் செல்லுபடியாவது வேறு, அந்த மனிதரைக் குழந்தைகள் நடுவே நிற்க விடுவது வேறு.

அடுத்து, வாய் திறந்தால் பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். 'அருள்பொழிவு பெற்றவரைத் தொடாதீர்' என்ற சங்கீத வசனத்தை யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நான் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகளில் குழந்தைகள் தரப்பில் ஆஜராகிறவள், நானும் கத்தோலிக்கப் பெண்தான். இப்படிப்பட்ட குடும்பங்கள் பலவற்றிலும் இந்த வசனம் வந்து குறுக்கே நிற்கிறது. தாவீது அரசரும் அருள்பொழிவு பெற்றவர்தான். அவர் தவறு செய்தபோது நாத்தான் இறைவாக்கினர் நேரில் போய், 'நீயே அந்த மனிதன்' என்றார். அதைப் பாவம் என்று விவிலியம் எங்கும் சொல்லவில்லை. சிறியோரை இடறச் செய்பவனைப் பற்றி இயேசு சொன்னதும் உங்களுக்குத் தெரியும்: கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டி ஆழ்கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நல்லது. கடற்கரையில் வாழ்கிற நமக்கு அந்த வாக்கியத்தின் கனம் புரியும். 2018 ஆகஸ்டில் போப் பிரான்சிஸ் இறைமக்களுக்கு எழுதிய கடிதத்தில், குருக்களை எல்லாருக்கும் மேலாகத் தூக்கிவைக்கும் மனப்பான்மைதான் இந்தக் கொடுமைகளுக்கு இடம் கொடுக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதினார்.

இனி சட்டம். நுணுக்கங்களை விட்டுவிடுகிறேன், இது மட்டும் தெரிந்தால் போதும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இப்படி நடந்ததாகத் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். பெற்றோர் மட்டும்தான் சொல்லலாம் என்று கிடையாது. சொல்லாமல் மறைத்தால் 6 மாதம்வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே உள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டுவரை சிறை. மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். ஆண் குழந்தைக்கும் இந்தச் சட்டம் அப்படியே பொருந்தும். 'பையன்தானே, மறந்துவிடுவான்' என்று பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சமய நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவர் அங்குள்ள குழந்தையிடம் இதைச் செய்தால் தண்டனை இன்னும் கடுமை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது.

அந்தத் தாயே உங்களிடம் சொல்லிவிட்டார். ஆகவே உங்களுக்கும் இந்தக் கடமை வந்துவிட்டது. அவரையும் கூட்டிக்கொண்டு அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால் நல்லது. அவர் பயந்தால் நீங்கள் 1098 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம், அல்லது ராமநாதபுரத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ குழந்தைகள் நலக் குழுவிலோ சொல்லலாம். 'இது எங்கள் எல்லையில் இல்லை' என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது. சொன்னதை எழுதி, எண் போட்டு, உங்களுக்கு வாசித்துக்காட்ட வேண்டும். அப்புறம், பையனை நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. அவன் வீட்டுக்கோ அவன் விரும்பும் இடத்துக்கோ சீருடை இல்லாத அதிகாரி வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும், முடிந்தவரை பெண் அதிகாரியாக. சட்டத்தில் இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும், காலையில் வந்த குழந்தையை மாலைவரை நிலைய பெஞ்சில் உட்காரவைத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேட்டால் 'மேடம் பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்க' என்கிறார்கள். வழக்கு நடக்கும்போது குழந்தையின் கூடவே இருந்து உதவத் துணையாளர் ஒருவரை நியமிக்க 2020 விதிகள் இடம் தருகின்றன. அதையும் நீங்களாகக் கேட்டால்தான் செய்வார்கள். குழந்தைகள் நலக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள்.

இப்போது நான் அதிகம் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். இந்த வழக்குகளைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் நடுவில் வருகிறவர்கள். முதல் ஆள், 'ஆயர் இல்லத்தில் எனக்குச் செல்வாக்கு உண்டு, நான் பேசி முடித்துத் தருகிறேன்' என்று வருவார். கையில் முத்திரைத்தாள் இருக்கும். சில சமயம் பணமும் இருக்கும். பையனின் தந்தைக்குப் படகுக் கடன் இருக்கிறது, அக்காவுக்குக் கல்யாணம் வருகிறது, இதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். போக்சோ வழக்கைச் சமரசம் செய்ய யாருக்கும் அதிகாரம் கிடையாது, ஊர்க் கூட்டத்துக்கும் கிடையாது. குடும்பத்தோடு சமரசம் ஆகிவிட்டது என்று சொல்லி ரத்து செய்யப்பட்டிருந்த ராஜஸ்தான் ஆசிரியர் ஒருவரின் வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் நடத்தச் சொன்னது. அதனால் உங்கள் ஊரில் பெரியவர்கள் 'பேசி முடித்தது' எதுவும் முடியவில்லை. அந்தத் தாய் ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால்கூட அவர் புகார் கொடுக்கத் தடையில்லை. இதை அவரிடம் இன்றே சொல்லுங்கள், அந்தக் கையெழுத்தை நினைத்துத்தான் பலர் வாயடைத்துப் போகிறார்கள்.

கேரளத்தில் கொட்டியூர் வழக்கில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒரு பங்குக் குருவால் சிறுமி தாயானாள். அவரைக் காப்பாற்ற, அவளுடைய சொந்தத் தந்தையே பழியை ஏற்க முன்வந்தார். ஒரு குடும்பத்தை அந்த அளவுக்குக் கொண்டு போக முடிகிறது. ஆனாலும் உண்மை வெளியே வந்தது. 2019இல் தலச்சேரி போக்சோ நீதிமன்றம் 20 ஆண்டு தண்டனை கொடுத்தது, பிறகு உயர் நீதிமன்றம் அதை 10 ஆண்டாகக் குறைத்தது. அந்தப் பெண்ணையே மணந்துகொள்வதாகச் சொல்லிக் கேட்ட மனுவை 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2020இல் வத்திக்கான் அவரைக் குருத்துவத்திலிருந்தே நீக்கியது.

இரண்டாவது வகை ஆட்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவார்கள். கோவில் நிலம், கமிட்டிக் கணக்கு என்று சாமியாரோடு பழைய தகராறு உள்ளவர்கள். உங்களுக்காகக் கத்துவார்கள், தகராறு தீர்ந்ததும் பையனை நடுக்கடலில் விட்டுவிடுவார்கள். யூடியூப் சேனல்காரர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். குழந்தையின் பெயர், முகம், ஊர், பள்ளி எதையும் வெளியிடுவது குற்றம். ஊர் சின்னது, தெருவைக் காட்டினாலே பையன் யாரென்று தெரிந்துவிடும். இழப்பீடு வாங்கித் தருகிறேன், அதில் பங்கு கொடுங்கள் என்று வருகிறவர்களும் உண்டு. முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அதற்கு இடைத்தரகர் தேவையே இல்லை. குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் தடுக்கி விழுந்த குடும்பங்கள் நிறைய. குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னதைக் குருவானவர் வெளியே சொல்லவே முடியாது. யார் சொன்னாலும், எதைச் சொன்னாலும், உயிரே போனாலும் முடியாது. மீறினால் திருச்சபையிலிருந்தே விலக்கப்படுவார். நாட்டுச் சட்டம் இதற்கு விலக்கு தரவில்லை, திருச்சபைச் சட்டமோ இம்மியும் அசையாது. அந்த மோதலைத் தீர்ப்பது உங்கள் வேலை இல்லை. உங்கள் வேலை, அதில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது. அந்தத் தாய் புதுச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டு, 'சாமியிடம் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார்' என்று காத்திருந்தால் ஒன்றுமே நடக்காது. அவரால் எதுவும் செய்ய முடியாது, சொன்னவரிடமே அதைப் பற்றி மறுபடி பேச்செடுக்கவும் முடியாது. ஆகவே தொட்டியை விட்டு வெளியே வாருங்கள். பங்கு அலுவலகத்தில், பகலில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு, அதே விஷயத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். 'இது பாவசங்கீர்த்தனம் இல்லை, புகார்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்த நிமிடத்திலிருந்து அவருக்கும் சட்டக் கடமை வந்துவிடும். பையனே தொட்டியில் சொல்லியிருந்தாலும் இப்படித்தான். பாதிக்கப்பட்டவர் வந்து சொன்னால் அவருடைய உரிமைகளையும் புகார் செய்யும் வழிகளையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2019இல் வத்திக்கான் குருக்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. யாராவது உங்களிடம், 'பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொள், அதோடு விடு' என்றால் நடுங்காமல் மறுத்துவிடுங்கள். அந்தப் பையன் மன்னிப்புக் கேட்க வேண்டிய பாவம் எதுவும் செய்யவில்லை.

போலீஸில் சொன்ன பிறகு திருச்சபையிலும் புகார் கொடுங்கள். முதலில் போலீஸ், பிறகு ஆயர் இல்லம், இந்த வரிசையை மாற்றாதீர்கள். 2019இல் போப் பிரான்சிஸ் கொண்டுவந்து 2023இல் நிரந்தரமாக்கிய விதிகள்படி, புகார் வாங்க மக்கள் எளிதில் அணுகக்கூடிய ஏற்பாடு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்க வேண்டும். புகார் கொடுத்தவரை வாய் மூடச் சொல்லக் கூடாது. தெரிந்த குருவோ கன்னியரோ அதை மேலே சொல்லியாக வேண்டும். உங்கள் பகுதி சிவகங்கை மறைமாவட்டம். ஆயருக்கே தேதி போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் 'பார்க்கிறோம்மா' என்ற பதிலோடு நிறுத்தாதீர்கள். விதி ரோமாபுரியிலிருந்து வந்து இத்தனை வருடம் ஆன பிறகும், புகாரை யாரிடம் கொடுப்பது என்று கோவில் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதிப் போட ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. கடிதத்தில் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: அவர் இப்போது எந்த ஊரில், என்ன பொறுப்பில் இருக்கிறார்? அங்கேயும் பீடத்துக்கு உதவப் பையன்கள் போகிறார்கள்.

உங்கள் கணவரை வற்புறுத்திக் கோவிலுக்கு இழுக்காதீர்கள். அவர் கோபம் பிள்ளைமேல் உள்ள பாசத்தில் வந்தது. நீங்கள் பூசைக்குப் போவதை அவரும் தடுக்க வேண்டியதில்லை. உங்கள் பங்கில் உட்கார முடியவில்லை என்றால் பக்கத்துப் பங்குக்குப் போங்கள். ஞாயிறு கடன் எந்தக் கத்தோலிக்கக் கோவிலில் பூசை கண்டாலும் நிறைவேறும். பயந்து பயந்து இருக்காதீர்கள், புகார் கொடுத்தீர்கள் என்பதற்காகக் கல்யாண ஓலை வாசிக்க மறுப்பதோ கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுப்பதோ திருச்சபைச் சட்டத்துக்கு விரோதம்.

விசுவாசம் ஒரு சாமியாரோடு வந்ததும் இல்லை. 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டபோது மதுரை மிஷனில் குருக்கள் மிகக் குறைந்துபோனார்கள். 1838இல் அந்தச் சபையினர் திரும்பி வரும்வரை, ஓரியூரில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த புனித அருளானந்தரின் இந்த மண்ணில் ஜெபமாலையையும் ஞான உபதேசத்தையும் பெரும்பாலும் தாங்கி வந்தவர்கள் உபதேசியார்களும் வீட்டுப் பெண்களும்தான். நீங்கள் இரவில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லும் ஜெபமாலை அவர்களிடமிருந்து வந்தது.

உங்கள் மகனிடம் இப்போதே பேசுங்கள். 'உன்னையும் அப்படிச் செய்தாரா?' என்று நேரடியாகக் கேட்டுத் துருவாதீர்கள். 'சாமி பங்களாவில், சக்ரீஸ்தியில் (பூசை உடை மாற்றும் அறையில்) உனக்குப் பிடிக்காதது ஏதாவது நடந்திருக்கா?' என்று கேட்டுவிட்டு அவன் பேசட்டும் என்று இருங்கள். ஏதாவது சொன்னால் அவன் சொன்ன வார்த்தையிலேயே தேதியோடு எழுதிவையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், போனில் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள்.

அவன் பீடத்தில் உதவ ஆசைப்பட்டால் நிறுத்த வேண்டாம், ஆனால் புதுச் சாமியாரிடம் நிபந்தனை வையுங்கள். பங்களாவுக்குள் எந்தக் குழந்தையும் தனியாகப் போகக் கூடாது. பூசை உடை மாற்றும் இடத்தில் பெற்றோர் ஒருவர் இருக்க வேண்டும். வேளாங்கண்ணிக்கோ கச்சத்தீவுக்கோ பிள்ளைகளைக் கூட்டிப் போனால் குறைந்தது இரண்டு பெரியவர்கள் கூட இருக்க வேண்டும், இரவில் தனி அறை கூடாது. பங்குப் பேரவையில் இதைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால், எந்தத் தேதியில் யார் மறுத்தார் என்பதை ஆயருக்கு எழுதும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்து அனுப்புங்கள்.