மான்செஸ்டர் கிராமர் பள்ளியில் மகனைச் சேர்க்க நினைக்கும் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

மருத்துவமனைப் பணிக்காகக் குடும்பத்தோடு மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்திருக்கும் நீங்கள், பத்து வயது மகனை மான்செஸ்டர் கிராமர் பள்ளியில் சேர்த்தால் கட்டணம் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ‘கிராமர் பள்ளி’ என்ற பெயரால் வரும் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்; அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் இதே பெயர் இருக்கிறது. பக்கத்திலுள்ள டிராஃபோர்டு பகுதியின் ஆல்ட்ரின்சம் ஆண்கள் கிராமர் பள்ளி, நுழைவுத் தேர்வு வைக்கும் அரசுப் பள்ளி. அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. நீங்கள் கேட்டிருப்பதோ கட்டணம் வாங்கும் தனியார் பகல்நேரப் பள்ளி.

தனியார் என்றதும் யாரோ ஒரு முதலாளியின் பள்ளி என்று எண்ண வேண்டாம். கோயிலுக்கு நிலம் எழுதிவைப்பது போல, 1515-இல் இதை நிறுவிய எக்ஸிட்டர் ஆயர் ஹியூ ஓல்டம், இர்க் ஆற்றங்கரை மாவாலைகளின் வருமானத்தை இதற்கு எழுதிவைத்தார். ஊரார் தானியம் அரைக்கக் கொடுத்த கூலியில் பிள்ளைகள் இலவசமாகப் படித்தார்கள். இன்றும் இது பதிவு பெற்ற அறக்கட்டளையே. ஆதாயத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் உரிமையாளர் இதற்கு இல்லை. வரவு செலவுக்கும் கொள்கைக்கும் நிர்வாகக் குழு பொறுப்பு. ஹை மாஸ்டர் என்ற பழம்பெயரால் அழைக்கப்படும் தலைமையாசிரியர் அன்றாடப் பணிகளை நடத்துகிறார். ஆண்டுக் கணக்கை அறக்கட்டளை ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் படிக்கலாம். கட்டடங்களின் அழகைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கணக்கைப் பாருங்கள் என்பேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெடுங்காலம் அரசின் நேரடி மானியம் இருந்ததால், எளிய வீட்டுப் பிள்ளைகள் பலர் உள்ளாட்சியின் செலவில் இங்கே படித்தார்கள். 1976-இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டபோது பள்ளி முழுக்கத் தனியாரானது. அந்த இடத்தை இட்டு நிரப்பத்தான் நன்கொடை திரட்டி, பெற்றோர் வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தைக் குறைக்கும் பர்சரி என்ற உதவியை வழங்குகிறார்கள். அதைக் கேட்கத் தயங்கும் நம்மவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது பிச்சையன்று, இப்பள்ளி எதற்காகத் தோன்றியதோ அந்த நோக்கமே அது.

கட்டணத்தை ஓராண்டுக்கு மட்டும் கணக்கிட வேண்டாம். பதினொரு வயதில் சேர்ந்தால் பதினெட்டு வரை ஏழு ஆண்டுகள் செலுத்த வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி விதிக்கப்படுகிறது. அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து, அறக்கட்டளையாக இயங்கும் தனியார் பள்ளிகளுக்கு இருந்த கட்டட வரிச் சலுகையும் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பள்ளி சொல்லும் தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

டிராஃபோர்டு அரசுப் பள்ளிகளின் தேர்வும் இப்பள்ளியின் தேர்வும் வேறு வேறு. இரண்டுக்கும் முந்தைய ஆண்டே தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் வீட்டு முகவரியும் கணக்கில் கொள்ளப்படுவதால், வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் அதன் சேர்க்கை விதிகளைப் படித்துவிடுங்கள். பர்சரி விண்ணப்பத்துக்காக, உங்கள் சம்பளச் சீட்டுகளையும் உங்கள் மனைவியின் சம்பளச் சீட்டுகளையும் இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள்.