புது விளையாட்டுப் பழகும் கடைக்காரருக்கு: கேள்வி பதில்

கோண்டாவிலில் மிளகாய்த்தூளும் கறித்தூளும் அரைத்துப் பொதி செய்யும் சிறு மில் ஒன்று நடத்துகிறேன். பக்கத்துக் கடைகள் சிலவற்றுக்குக் கணக்குக் கொப்பியும் பார்த்துக் கொடுக்கிறேன். நாற்பது வயது கடந்த பிறகு பட்மின்டன் பழகத் தொடங்கி இன்றுவரை பின்னேரங்களில் விளையாடுகிறேன். புதிதாக ஒரு விளையாட்டைப் பழகுவதில் சிறுதொழில்காரருக்கு என்ன இருக்கிறது என்று கேளுங்கள் எனச் சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததற்கு நீட்டி எழுதுகிறேன். மற்றதற்கு யாரிடம் போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

தையல் கடை, கொக்குவில்: அக்கா, எனக்கு 46 வயது. இந்த வயதில் ஒரு விளையாட்டைப் பழகி என் கடைக்கு என்ன வரப்போகிறது? அந்த நேரத்துக்கு இரண்டு பிளவுஸ் தைத்துவிடலாமே.

தங்கச்சி, பிளவுஸ் தைக்கிற நேரத்தை எடுத்து விளையாடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கேளும். பழகாத ஆளிடம் ராக்கெட்டைக் கொடுத்தால் தோசைக்கரண்டி பிடிப்பதுபோலத்தான் பிடிப்பார், எல்லாரும் அப்படித்தான். அந்தப் பிடியில் வலைக்குப் பக்கத்தில் வருகிற ஷட்டிலை முதல் நாளே தட்டிப் புள்ளி எடுக்கலாம், அதனால் அதுதான் சரியான பிடி என்று மனம் நம்பிவிடும். ஆனால் அதே பிடியோடு கோர்ட்டின் பின்பக்கத்திலிருந்து உயர அடிக்க முடியாது, இடப்பக்கம் வருவதைப் புறங்கையால் எடுக்கவும் முடியாது. பயிற்றுநர் பிடியை மாற்றிவிட்டால் அடுத்த சில கிழமைகளுக்கு, முன்பு நீர் வென்ற ஆட்களிடமே தோற்பீர். பாதிப் பேர் அந்தக் கிழமைகளைத் தாங்காமல் பழைய பிடிக்கே போய்விடுகிறார்கள்.

கடையில் இந்தத் தோசைக்கரண்டிப் பிடி என்ன தெரியுமா? கடைக் காசும் வீட்டுக் காசும் ஒரே லாச்சியில் கிடப்பது. தொடக்கத்தில் அது வசதி. மகனுக்கு ரியூசன் காசா, லாச்சி. நூல் வாங்கவா, லாச்சி. இரண்டையும் பிரித்து, உமக்கென்று மாதச் சம்பளம் ஒன்று எழுதி எடுக்கத் தொடங்கினால் முதல் இரண்டு மாதமும் கை இறுகும், வியாபாரம் விழுந்துவிட்டது என்றுகூடத் தோன்றும். அது விழவில்லை, இருந்ததுதான் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இரண்டு மாதத்தைத் தாங்குவதற்கு, ஒரு விடயத்தில் கொஞ்ச நாள் மோசமாக இருந்து பிறகு நன்றாக வருவது எப்படி என்று உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். விளையாட்டு அதைத்தான் தருகிறது. இன்னொன்று, உம்மிடம் தையல் பழக வருகிற பிள்ளை ஏன் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கிறாள் என்பதும் அப்போது விளங்கும்.

ஹார்ட்வெயார் கடை, சாவகச்சேரி: தொடங்குவதற்கு எந்த ராக்கெட் வாங்கலாம்?

பாரம் குறைந்த, விலை குறைந்த ஒன்று. காசை நல்ல சப்பாத்தில் போடுங்கள். ஓடுகிற சப்பாத்து இதற்குச் சரிவராது, பக்கவாட்டில் காலை வைக்கும்போது கணுக்கால் மடங்கும். உள்ளரங்குக்கான றப்பர் அடி உள்ளதைப் பாருங்கள்.

சாப்பாட்டுக் கடை, திருநெல்வேலி: அக்கா, ஓடர்கள் குறைவில்லை. கலியாண வீடு, பிறந்தநாள், அலுவலகச் சாப்பாடு எல்லாம் வருகிறது. ஆனால் மாதம் முடிய கையில் காசு இல்லை. நான் எங்கே பிழை விடுகிறேன்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

புதிதாக விளையாடுகிறவர் ஓங்கி ஒரு ஸ்மாஷ் அடித்துவிட்டு அடித்த இடத்திலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஷட்டில் எவ்வளவு வேகமாகப் போனாலும் அதிலுள்ள 16 இறகும் காற்றைப் பிடித்து வேகத்தைத் தின்றுவிடும். இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023இல் மணிக்கு 565 கிலோமீற்றர் வேகத்தில் அடித்துக் கின்னஸ் சாதனை வைத்தார், ஆனால் ராக்கெட்டை விட்டுப் புறப்படும்போதுதான் அந்த வேகம். எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்போது அது வெகுவாகக் குறைந்துவிடும், ஆகவே அது திரும்பி வரும். வரும்போது நீங்கள் மூலையில் நின்றால் மற்ற மூலை முழுவதும் வெறுமை. அதனால்தான் நல்ல பயிற்றுநர் முதல் மாதம் அடிக்கப் பழக்குவதைவிட, அடித்தவுடன் நடுவுக்குத் திரும்பப் பழக்குவதில்தான் கூட நேரம் மினக்கெடுவார்.

உங்கள் கலியாண வீட்டு ஓடர் ஒரு ஸ்மாஷ். 300 பேருக்குச் சாப்பாடு, பெரிய தொகை, மனதுக்குச் சந்தோசம். முற்பணம் கொஞ்சம் வாங்கினீர்கள், அரிசி, கோழி, எண்ணெய், மரக்கறி எல்லாம் உங்கள் காசில் அல்லது கடனில் எடுத்தீர்கள், சமையலுக்கு வந்தவர்களுக்கு அன்றிரவே கூலி கொடுத்தீர்கள். மிச்சக் காசு இரண்டு கிழமை கழித்து, மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், பெண் வீட்டார் ஒருவர் என்று இரண்டு பேரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதற்குள் அடுத்த ஓடரை ஏற்றுக்கொண்டீர்கள். இன்னும் மூலையில்தான் நிற்கிறீர்கள்.

உங்களுக்கு நடு என்பது, அடுத்த ஒரு கிழமைச் சாமானுக்கும் கூலிக்குமான காசு கையில் இருப்பது. எவ்வளவு என்று கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு ஓடர் உங்களை அந்தத் தொகைக்குக் கீழே இழுத்தால், அதன் மிச்சக் காசு வரும்வரை அடுத்த பெரிய ஓடரை எடுக்காதீர்கள், அல்லது சாமான் செலவு முழுவதையும் மூடுகிற அளவுக்கு முற்பணம் கேளுங்கள். சொந்தக்காரராய் இருந்தாலும் கேளுங்கள்.

சரி, ஏற்கெனவே மூலையில் மாட்டிக்கொண்டால்? பட்மின்டனில் அதற்கு ஒரு அடி இருக்கிறது. உயரமாக, எதிராளியின் பின்கோட்டுக்குத் தூக்கி அனுப்புவது. அதில் புள்ளி கிடைக்காது, நடுவுக்கு வர நேரம் கிடைக்கும். வியாபாரத்தில் அது, தவணை வருவதற்கு முன்பே அரிசிக்கடை முதலாளியிடம் போய் "ஐயா, பத்து நாள் தாருங்கோ" என்று கேட்பது. தவணை நாளில் போனை நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு கேட்டால் அந்தப் பத்து நாள் கிடைக்காது. தயவுசெய்து, இன்னும் விற்காத சாமானை நம்பித் திகதி தள்ளிப் போட்ட செக் கொடுக்காதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் சொல்வேன்.

அழகுநிலையம், மானிப்பாய்: அக்கா, நான் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து மட்டும்தான் விளையாடினேன். அதிலும் இப்படி ஏதாவது இருக்கிறதா? என்னிடம் நான்கு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், எல்லாரும் எல்லா வேலையிலும் கை வைக்கிறார்கள், ஒன்றும் நேரத்துக்கு முடிவதில்லை.

உங்கள் பதில் வலைப்பந்திலேயே இருக்கிறது, பட்மின்டன் தேவையில்லை. ஏழு பேர், ஆளுக்கொரு எல்லை. பந்தை வளையத்துக்குள் போடக்கூடியவர்கள் இரண்டு பேர்தான். கோர்ட்டில் அதிகமாக ஓடுகிற சென்ரர்கூட வளையத்துக்கு முன்னாலுள்ள அரைவட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. பந்து கையில் வந்தால் மூன்று வினாடிக்குள் விட்டுவிட வேண்டும். எங்கள் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தைப் பாருங்கள், ஆறடி எட்டு அங்குலத்துக்கும் மேல் உயரம், பந்து கைக்கு வந்தால் வளையத்துக்குள்தான். ஆனால் அந்தப் பந்தை அவர் போய் எடுத்து வந்ததில்லை, மற்ற ஆறு பேரும் கொண்டுவந்து அவர் கையில் சேர்த்தார்கள். உங்களிடம் மணப்பெண் அலங்காரம் வடிவாகச் செய்கிற பிள்ளை ஒருத்தி இருப்பாள். அவளைப் போன் எடுக்கவும் துவாய் மடிக்கவும் விடாதீர்கள். யார் எதைத் தொடலாம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கூடவே, நான்கு பேருக்கும் ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறீர்களா? சம்பளத்தில் அவர்கள் 8 வீதம், நீங்கள் 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நீங்கள் இன்னும் 3 வீதம். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது, சொல்லிவிட்டேன்.

பலசரக்குக் கடை, கோண்டாவில் சந்திப் பக்கம்: குதிக்காலுக்கு மேலே நரம்பு இழுக்கிறது, விளையாடலாமா?

விளையாட வேண்டாம், வைத்தியரிடம் போங்கள். நடுத்தர வயதில் விளையாட வருகிறவர்களுக்கு அந்த நாண் அறுந்துபோவது இந்த விளையாட்டில் தெரிந்த ஆபத்து.

போன் கடை, நெல்லியடி: நானும் மச்சானும் சேர்ந்து கடை நடத்துகிறோம். அடிக்கடி பிரச்சினை வருகிறது. சாமான் கொண்டுவருகிறவருக்குக் காசு கொடுக்க நான் மறந்தால் மச்சான் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன், அவரும் அப்படியே நினைக்கிறார். இரட்டையர் ஆட்டத்தில் இதற்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் சரியாக இதற்கே. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று தடுக்கும்போது எதிராளி இருவருக்கும் நடுவே அடிப்பார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க ஷட்டில் நடுவில் விழும். விதி இதுதான்: அடிக்கிறவருக்கு நேரே நிற்பவர் தன் பக்கத்து ஓரக்கோட்டைக் காக்க வேண்டும், ஏனென்றால் நேராக வருகிற ஸ்மாஷ்தான் சீக்கிரம் வந்து சேரும். குறுக்கே நிற்பவருக்குத் தன் ஓரத்துக்கு வருவது தூரம், கொஞ்சம் நேரம் இருக்கிறது. அதனால் நடு அவருக்கு. அதாவது, பொறுப்பை ஆளின் கெட்டித்தனத்தை வைத்துப் பிரிப்பதில்லை, அந்த நேரத்தில் யார் எங்கே நிற்கிறார் என்பதை வைத்துப் பிரிக்கிறோம். உங்கள் கடையில், அந்த நாள் கல்லாவில் இருப்பவர் காசு கொடுக்க வேண்டும், மற்றவர் பின்னேரம் கொப்பியில் அதைப் பார்க்க வேண்டும்.

மின்சாதனக் கடை, சுன்னாகம்: அக்கா, மன்னிக்க வேணும், இது பிழை. முன்கை, அதாவது உள்ளங்கைப் பக்கத்தால் அடிக்கிற பக்கம், யாருக்கு நடுவில் இருக்கிறதோ அவர்தான் எடுக்க வேண்டும். இரண்டு பேரும் வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கம் நிற்பவர். நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.

தம்பி, நிறையப் பேர் அப்படித்தான் விளையாடுகிறார்கள், மெதுவான ஆட்டத்தில் அது ஓடும். ஆனால் எதிராளி இடப்பக்கத்து ஆளுக்கு நேரே நின்று அடிக்கிறார் என்று வையும். அவர் முன்கையை நீட்டி நடுவைக் காக்கச் சாய்ந்தால் அவருடைய ஓரம் திறந்து கிடக்கும். கெட்டிக்கார எதிராளி இரண்டு அடி நடுவில் அடித்துவிட்டு மூன்றாவதை அந்த ஓரத்தில் வைப்பார்.

அதே சுன்னாகம்: அப்படியென்றால் ஒவ்வொரு அடிக்கும் யார் நடு என்று மாறிக்கொண்டே இருக்கும். குழப்பம்தானே? ஒரே ஆள் எப்போதும் நடு என்றால் சந்தேகமே இல்லை. கடையிலும் காசு கொடுப்பது ஒரே ஆளாக இருந்தால்தான் நல்லது.

கடையைப் பற்றிச் சொன்னதில் உமக்குப் பாதி சரி. ஒரே ஆள் என்றால் சந்தேகம் வராது. ஆனால் அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால்? அவர் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போன அன்று, சாமான் கொண்டுவருகிறவர் காசுக்கு வாசலில் நின்றால்? மாறுவது குழப்பமில்லை தம்பி, எப்போது மாறுகிறது என்று இருவருக்கும் தெரியாமல் இருப்பதுதான் குழப்பம்.

பழைய விக்கெட் காப்பாளர், அரியாலை: பிள்ளை, நான் கிரிக்கெட்காரன். இரண்டு பேரும் சொல்வது ஒருபக்கம் இருக்கட்டும். உயரப் பந்து வந்தால் "என்ரை" என்று கத்துகிறவன் பிடிக்க வேண்டும், மற்றவன் விலக வேண்டும். அவ்வளவுதான்.

ஐயா சொல்வது பெரிய விடயம். ஸ்மாஷுக்குக் கத்த நேரமில்லை, ஆனால் உயர வருவதற்கு நாங்களும் கத்துகிறோம். கடையில் கத்த நேரம் தாராளமாக இருக்கிறது. நெல்லியடித் தம்பி, போனில் ஒரு வரி போதும், "அரைவாசி கொடுத்துவிட்டேன்".

மின்சாதனக் கடை, சுன்னாகம்: இடக்கைக்காரர் ஒருவர் இருந்தால்?

அப்போது உம்முடைய விதி இன்னும் சிக்கலாகும், என்னுடையது மாறாது. இரண்டு விதியையும் ஒவ்வொரு ஆட்டத்தில் வைத்து, நடுவில் எத்தனை விழுந்தது, ஓரத்தில் எத்தனை விழுந்தது என்று ஒருவரை எழுதச் சொல்லும். எழுதிய தாளோடு வாரும், கதைப்போம்.

புத்தகக் கடை, யாழ் நகரம்: கணக்கு வருடத்தில் ஒருமுறை பார்த்தால் போதாதா?

போதாது. பட்மின்டனில் 2006இல் 21 புள்ளி முறை வந்ததோடு, முன்னிற்பவர் 11 எடுத்ததும் ஆட்டத்தை நிறுத்தி 60 வினாடி கொடுக்கிறார்கள். பயிற்றுநர் வந்து சொல்லிவிட்டுப் போகலாம். 21 எடுத்து ஆட்டம் முடிந்த பிறகு சொல்லி என்ன பயன்? ஒவ்வொரு மாதமும் 15ஆம் திகதி அரைமணித்தியாலம் உட்காருங்கள்.

பேக்கரி, உரும்பிராய்: எந்த ராக்கெட் நல்லது?

சாவகச்சேரிக்குச் சொன்னதுதான். மேலே பாருங்கள்.

வளையல் கடை, நல்லூர்: நல்லூர்த் திருவிழா 25 நாளும் கடை போடப் போகிறேன். செக் கொடுத்துச் சாமான் எடுத்தால் விற்றுக் கட்டலாம்தானே?

விற்றால். 25 நாளில் நான்கு நாள் மழை பெய்தால் செக் மழைக்காகக் காத்திருக்காது. கையில் இருக்கிற காசுக்கு எடுங்கள், ஓடுகிற நிறத்தைப் பார்த்துப் பத்தாம் திருவிழாவுக்குப் பிறகு மறுபடி எடுங்கள்.

பலசரக்குக் கடை, ஏழாலை: இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. பெரிய சுப்பர்மார்க்கட் பக்கத்தில் வந்தால் உங்கள் பயிற்சி என்ன செய்யும்?

கோபம் நியாயம் அண்ணா. ஆனால் பழகுகிறவர்களின் ஆட்டம் ஒன்றை எடுத்து, எதிராளி எடுத்த 21 புள்ளியும் எப்படிப் போனது என்று எழுதிப் பாருங்கள். அவருடைய கெட்டித்தனத்தால் போனது கொஞ்சம். வலையில் அடித்தது, வெளியே அடித்தது, சேர்விஸைப் பிழைவிட்டது என்று நீங்களே கொடுத்ததுதான் கூட இருக்கும். போன மாதம் உங்கள் கடையில் திகதி முடிந்து எறிந்த பிஸ்கட், கொப்பியில் எழுத மறந்த கடன், கடை பிந்தித் திறந்ததால் பாண் வாங்க வந்து திரும்பிப் போன ஆக்கள், இவற்றை முதலில் எண்ணுங்கள். இதில் எதையும் சுப்பர்மார்க்கட் செய்யவில்லை. எங்கள் நாட்டுப் பட்மின்டன் வீரர் நிலுக கருணாரத்ன 2012 லண்டன் ஒலிம்பிக்கில், தரவரிசையில் தன்னைவிட மிக மேலே இருந்த ஜப்பானின் கெனிச்சி டாகோவை ஒரு ஆட்டமும் விட்டுக்கொடுக்காமல் வென்றார். பெரியவர் தோற்கமாட்டார் என்று இல்லை. அடுத்த சுற்றில் கருணாரத்ன தோற்றதும் உண்மை, ஒரு வெற்றியோடு எதுவும் முடிவதில்லை.

தும்புத் தொழில், கொடிகாமம்: எந்த வங்கியில் கடன் எடுக்கலாம்? தொழிலைப் பதிய எங்கே போக வேண்டும்?

வங்கியை நான் சொல்லமாட்டேன், மூன்று இடத்தில் வட்டியையும் மற்றக் கட்டணங்களையும் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். பதிவுக்கு உங்கள் பிரதேச செயலகம்.

முட்டை மொத்த வியாபாரம், அச்சுவேலி: திகதி போட்ட செக் கொடுத்தால் என்ன, எல்லாரும் கொடுக்கிறார்கள்தானே?

திருநெல்வேலிக்கும் நல்லூருக்கும் எழுதியதை வாசியுங்கள். எல்லாரும் கொடுக்கிறார்கள், திரும்பி வருகிற செக்கும் நிறையத்தான். உங்கள் சாமான் முட்டை, வைத்திருந்து விற்கவும் முடியாது.

போன் கடை, நெல்லியடி: அக்கா, மச்சானுக்கும் வாசித்துக் காட்டினேன். கல்லாவில் இருப்பவர் கொடுப்பது என்று முடிவெடுத்துவிட்டோம். இன்னொன்று, மச்சானுடைய லீசிங்குக்கு நான் பிணை கையெழுத்து வைக்க வேண்டுமாம். அது கடைக் கணக்கில் வருமா?

அவருடைய வாகனம் என்றால் வராது, அது வேறு கோர்ட், வேறு ஆட்டம். அவர் கட்டாவிட்டால் உம்மிடம்தான் கேட்பார்கள், கடையிடமில்லை. பத்திரத்தைக் கையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் முழுவதும் வாசியும், விளங்காத இடத்தை ஒரு சட்டத்தரணியிடம் கேளும், பிறகு மச்சானோடு கதையும். அதற்கு முன் பேனாவைத் தொட வேண்டாம்.